எஞ்சின் ஏன் உறுமுகிறது? மாடல் ரயில் கேள்வி – பதில்

சத்தம் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. தண்டவாளம், சிக்னல் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருந்து, தண்டுகள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலும் சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் ஜாயிண்டைச் சுற்றி எழுந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை இடம் கொடுத்திருக்கிறோம். தனியாகச் சொல்லாதவரை, அளவுகள் எல்லாம் 1:87 விகிதத்தில் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் எச்.ஓ. எஞ்சின்களுக்கு உரியவை.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்த பழைய பித்தளை எஞ்சின், 2-8-2 மிக்காடோ. திறந்த வகை மோட்டாரை எடுத்துவிட்டுக் கேன் மோட்டார் போட்டேன். கூடவே, மோட்டாரையும் கியர் பாக்ஸையும் இணைத்திருந்த ரப்பர் டியூபைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் யூனிவர்சல் ஜாயிண்ட் மாட்டினேன். முன்பிருந்ததைவிடச் சத்தம் கூடிவிட்டது. முன்னோக்கி ஓடும்போது உறுமல். பின்னோக்கி ஓட்டினால் பாதியாகக் குறைகிறது. கோளாறு ஜாயிண்டிலா, மோட்டாரிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. நீங்கள் கழற்றிய ரப்பர் டியூப் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. சுழற்சியைக் கடத்துவது ஒன்று. கியர் பாக்ஸைப் புரளவிடாமல் பிடித்துக்கொள்வது இன்னொன்று. யூனிவர்சல் ஜாயிண்ட் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இரண்டாவது வேலைக்கு இப்போது ஆளில்லை.

இந்த எஞ்சின்களில் கியர் பாக்ஸ் சேசிஸோடு திருகப்பட்டிருக்காது. ஓட்டும் அச்சின் மேல் தொற்றிக்கொண்டிருக்கும் பெட்டி அது. வார்ம் (ஸ்க்ரூ மரை போன்ற கியர்) பல்சக்கரத்தைத் தள்ளும்போது சக்கரம் ஒரு திசையில் சுழலும். பெட்டி எதிர்த்திசையில் அச்சைச் சுற்றிப் புரளப் பார்க்கும். டியூப் விறைப்பாக இருந்ததால் அதை ஓரளவு தடுத்தது. இப்போது முன்னோக்கி ஓடும்போது பெட்டியின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து ஜாயிண்டின் கோணம் கூடுகிறது. பின்னோக்கி ஓடும்போது மறுபக்கம் சாய்ந்து குறைகிறது. திசைக்குத் திசை சத்தம் மாறுவதற்கு இதுவே முதல் காரணம்.

சோதிப்பது எளிது. எஞ்சினை மல்லாக்க ஒரு மெத்தென்ற தாங்கியில் கிடத்தி, சக்கரங்கள் காற்றில் சுழல 4 அல்லது 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். பக்கவாட்டு இடைவெளி வழியாக ஒரு பல்குச்சியை விட்டு, கியர் பாக்ஸின் வார்ம் பக்கத்தை அசையாமல் லேசாகப் பிடியுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் நோய் இதுதான்.

மருந்து, டார்க் ஆர்ம் எனப்படும் ஒரு கை. கியர் பாக்ஸின் மேல்பக்கத்திலிருந்து, அச்சின் உயரத்துக்கு நன்றாக மேலே, சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்குக் கிடைமட்டமாகப் போகும் ஓர் இணைப்பு அது. 15 முதல் 20 மி.மீ. நீளம் போதும். இரண்டு முனையிலும் ஆடாத, ஆனால் மடங்கும் துளை வேண்டும்; 1.4 மி.மீ. ஸ்க்ரூவில் கோத்தால் சரியாக இருக்கும். இப்படிக் கிடைமட்டமாக இருந்தால் ஸ்பிரிங்கில் நிற்கும் அச்சு மேலும் கீழும் போகலாம், பெட்டி மட்டும் புரளாது. கையை பித்தளையில் செய்யாமல் 1.5 மி.மீ. தடிப்புள்ள ஸ்டைரீன் பட்டையில் செய்யுங்கள். உலோகக் கை சத்தத்தைச் சேசிஸுக்குக் கடத்தும். அதைவிட முக்கியம், இந்த எஞ்சின்களில் சேசிஸ் ஒரு தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கும். மோட்டார் பக்கத்தோடு உலோகம் சேர்ந்தால் ஷார்ட் ஆகும்.

பல்குச்சி வைத்தும் சத்தம் மாறவில்லையா? அப்போது வார்ம் ஷாஃப்டை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். திசை மாறும்போது வார்ம் ஒரு பேரிங்கிலிருந்து மறு பேரிங்குக்கு ஓடி முட்டும். 0.1 மி.மீ. ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அரை மி.மீ. இருந்தால் 0.1 மி.மீ. வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குறையுங்கள். ஆட்டமே இல்லாதபடி இறுக்கிவிட்டால் உறுமல் போய்ச் சீறல் வரும்.

கேள்வி: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடல், சேசிஸ், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது காதால் பிரிக்க முடியவில்லை.

பதில்: எண்ணிப் பாருங்கள். எண்ண முடிகிற சத்தம் சக்கரப் பக்கத்தைச் சேர்ந்தது. எண்ண முடியாத ரீங்காரம் மோட்டார் பக்கத்தைச் சேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் தண்டவாளத்தை எஞ்சின் 8 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இது எச்.ஓ. அளவில் ஏறக்குறைய மணிக்கு 40 கி.மீ. வேகம். ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 16 மி.மீ. என்றால் அது நொடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றும். கியர் விகிதம் 30:1 என்றால் மோட்டார் நொடிக்கு 75 சுற்று. யூனிவர்சல் ஜாயிண்டின் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தலைகாட்டும். ஆக நொடிக்கு 150. காதுக்கு அது தொடர்ந்த உறுமலாகத்தான் கேட்கும். நொடிக்கு இரண்டு மூன்று முறை 'டக், டக்' என்று வந்தால் யூனிவர்சலை விட்டுவிடுங்கள். பக்கத் தண்டுகளின் துளை, அச்சில் கோணிய சக்கரம், வெடித்த பல்சக்கரம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

அடுத்து, துண்டுதுண்டாகப் பிரிப்பது. முதலில் ஜாயிண்டின் நடுத்தண்டை எடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் 3, 6, 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். அதிலேயே சத்தம் இருந்தால் மோட்டார் அல்லது ஃபிளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்). அமைதியாக இருந்தால் வார்ம் ஷாஃப்டை விரலால் சுழற்றி, சக்கரம் முழுச் சுற்று வரும்வரை எங்காவது இறுகுகிறதா என்று உணருங்கள். இரண்டும் நன்றாக இருந்து, சேர்த்து மாட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் கோளாறு இணைப்பில்: கோணம், நீளம், அல்லது கவைகளின் (ஜாயிண்டின் இரு கிளையாகப் பிரிந்த முனைகளின்) வரிசை. நடுத்தண்டை எடுக்காமலே புது மோட்டார் வாங்குபவர்கள் அதிகம். அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான்.

நடுத்தண்டையும் சும்மா விடாதீர்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். மாட்டிய பிறகு பென்சில் முனையை அதன் பக்கத்தில் அசையாமல் வைத்துக் கையால் சுழற்றுங்கள். இடைவெளி அகன்று குறுகினால், ஷாஃப்டில் ஏறும் கப்பின் (ஜாயிண்டின் கிண்ணம் போன்ற பகுதியின்) துளை மையத்தில் இல்லை. அந்தக் கப்பை மாற்றித்தான் ஆக வேண்டும், சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: மோட்டார் ஷாஃப்ட் வார்ம் ஷாஃப்டைவிட 2 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. நடுவில் 12 மி.மீ. இடம். மோட்டாரைச் சாய்த்து அதன் ஷாஃப்ட் நேராக கியர் பாக்ஸைப் பார்க்கும்படி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பார்க்க ஒழுங்காகத் தெரியும், ஓட்டத்தில் கெடுக்கும். மோட்டார் கியர் பாக்ஸைப் பார்க்கும்படி சாய்ந்தால் மோட்டார் பக்க ஜாயிண்டின் கோணம் பூஜ்யம். முழுக் கோணமும் கியர் பாக்ஸ் பக்க ஜாயிண்டின் தலையில் விழும். இரண்டு ஜாயிண்ட் வைப்பதன் பயனே, ஒன்று செய்யும் தவறை மற்றது ரத்து செய்வதில் இருக்கிறது. அதற்கு இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். மோட்டார் ஷாஃப்டும் வார்ம் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், உயரத்தில் வித்தியாசம் இருந்தாலும் கோணங்கள் தானாகவே சமமாகும்.

உங்கள் கணக்கில், ஜாயிண்டுகளின் மையங்களுக்கு இடையே 12 மி.மீ., உயர வித்தியாசம் 2 மி.மீ.; கோணம் ஒன்பதரை டிகிரி. ஓடும், ஆனால் எல்லையோரம். மோட்டாரை 8 மி.மீ. பின்னால் தள்ள இடம் இருந்தால் மைய இடைவெளி 20 ஆகி, கோணம் 5.7 டிகிரிக்கு இறங்கும். இடமில்லை என்றால் மோட்டாரின் அடியில் உள்ள தகட்டை மெலிதாக்கி உயரத்தைக் குறையுங்கள். இரண்டு மி.மீட்டரில் ஒன்றைக் குறைத்தாலே கோணம் ஏறக்குறைய பாதியாகும்.

வார்ம் ஷாஃப்டை இணையாக்க, கியர் பாக்ஸை அச்சைச் சுற்றி லேசாகச் சாய்க்கலாம். மேலே சொன்ன டார்க் ஆர்மின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பதே அந்தத் திருத்தம். எஞ்சினைச் சக்கரங்களில் நிறுத்தி, அதன் எடை ஸ்பிரிங்கில் இறங்கிய நிலையில் பாருங்கள். மல்லாக்க வைத்துச் சரிசெய்தால் அச்சு வேறு உயரத்தில் நிற்கும். திருப்பி வைத்ததும் எல்லாம் மாறிவிடும்.

மோட்டாரை ஸ்க்ரூவில் இறுக்குவதைவிட சிலிக்கான் சீலன்டில் அமர்த்துவது மேல். அதிர்வு சேசிஸுக்குப் போகாது. இரண்டு ஷாஃப்டும் ஒரே உயரத்துக்கு வர வாய்ப்பிருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. இரண்டும் 2 மி.மீ. என்றால், 2 மி.மீ. உள்விட்டமுள்ள நேரான பித்தளைக் குழாயை இரண்டின் மேலும் செருகி, அந்த நிலையில் மோட்டாருக்கு அடியில் சீலன்டை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். காய்ந்ததும் மோட்டாரைப் பின்னால் உரித்தெடுத்துக் குழாயைக் கழற்றி, ஜாயிண்டை மாட்டி, அதே அச்சில் மறுபடி அழுத்தி, ஓரத்தில் இரண்டு சொட்டு சீலன்ட் வைத்தால் போதும். ஷாஃப்டுகள் ஒரே விட்டமாக இல்லாவிட்டால் சிறியதன் மேல் முதலில் ஒரு மெல்லிய குழாயைப் போட்டு விட்டத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறேன். ஹீஸ்லர் என்ற கியர் வகை நீராவி எஞ்சினின் மாடல் ஒன்றைப் பித்தளையில் செய்து வருகிறேன். ஜாயிண்டுகள் உண்மையான சிலுவை வகை, நானே கடைந்தவை. மெதுவாக ஓடும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இழுத்து இழுத்துப் போகிறது. ஹூக் ஜாயிண்டின் (யூனிவர்சலின் இன்னொரு பெயர்) சமன்பாடு தெரியும். இரண்டு ஜாயிண்டும் வைத்திருக்கிறேன். பிறகும் ஏன்?

பதில்: நடுத்தண்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா, ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பியிருக்கின்றனவா? நீங்கள் விவரிக்கும் இழுப்பு, திரும்பியிருப்பதன் அடையாளம்.

ஒரு ஜாயிண்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது வெளியே வரும் வேகம், உள்ளே போகும் வேகத்தின் கோசைன் மடங்குக்கும் அதன் தலைகீழுக்கும் நடுவே ஊசலாடும். 10 டிகிரியில் இது ஒன்றரை சதவீதம் கூடவும் குறையவும். 20 டிகிரியில் ஆறு சதவீதம். 30 டிகிரியில் 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். கோணம் இரட்டிப்பானால் கோளாறு நான்கு மடங்காகும். இதை மனதில் வைத்தால் சமன்பாடே வேண்டாம். கவைகள் ஒரே தளத்தில் இருந்து கோணங்களும் சமமாக இருந்தால் இரண்டாவது ஜாயிண்ட் இதை அப்படியே நேராக்கிவிடும். 90 டிகிரி திரும்பியிருந்தால் இரண்டு கோளாறும் கூடும்: 20 டிகிரியில் 12 சதவீதம் குறைந்து 13 சதவீதம் வரை கூடும். ஒரே ஒரு ஜாயிண்ட் வைத்திருந்தால்கூட இதைவிட நன்றாக ஓடியிருக்கும்.

லாரி மெக்கானிக் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் குறி போட்டுக்கொள்வார். குறி மாறிச் செருகினால் வண்டி உதறும். உங்கள் எஞ்சினிலும் அதே விதிதான். நடுத்தண்டு சதுரத் தண்டும் சதுரக் குழாயுமாக இருந்தால் அதை நான்கு விதமாகச் செருகலாம். அதில் இரண்டு சரி, இரண்டு தவறு. ஒரு பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்துவிடுங்கள். உருண்டைத் தண்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால், இரண்டு கவைகளையும் ஒரு தட்டையான கண்ணாடியில் படுக்கவைத்து இறுக்குங்கள்.

மூலத்தில் ஹீஸ்லர் இதற்கு வசதியான எஞ்சின். சார்லஸ் ஹீஸ்லரின் 1892 காப்புரிமையின்படி இரண்டு சிலிண்டர்கள் கொதிகலனுக்கு அடியில் 'வி' வடிவில் நின்று, நடுக்கோட்டில் ஓடும் தண்டைச் சுழற்றும். தண்டு போகியின் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டத்தின்) நடுவிலேயே நுழைவதால் வளைவில் நீள மாற்றம் மிகக் குறைவு. உங்களுக்கு மிஞ்சும் வேலை கவைகளின் தளம் ஒன்றுதான்.

கேள்வி: ஷே எஞ்சின் மாடலில் நேர்ப்பாதையில் எல்லாம் சரி. வலப்பக்கம் திரும்பும் வளைவில் மட்டும் முனகி, சில நேரம் முன்போகி தடம் புரள்கிறது. இடப்பக்க வளைவில் தண்டு ஒரு முறை கழன்றே விழுந்துவிட்டது.

பதில்: அருமையான கேள்வி, இரண்டு அறிகுறியும் ஒரே காரணத்தைச் சொல்கின்றன.

மிச்சிகனில் மரம் வெட்டும் தொழில் நடத்திய ஈஃப்ரெயிம் ஷே 1881-ல் காப்புரிமை பெற்று, ஓஹியோவின் லைமா தொழிற்சாலையில் உருவான இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் செங்குத்தாக வலப்பக்கம் நிற்கும். எடையைச் சமப்படுத்தக் கொதிகலனை இடப்பக்கம் நகர்த்தியிருப்பார்கள். தண்டு முழுவதும் வலப்பக்கச் சக்கரங்களுக்கு வெளியே ஓடும். தைவானின் அலிஷான் மலைப்பாதையில் ஓடிய ஷே எஞ்சின்களின் படத்தை எடுத்துப் பாருங்கள். சதுர நழுவுதண்டு வெளியே அப்பட்டமாகத் தெரியும். தண்டு நடுக்கோட்டில் இல்லாததால், போகி திரும்பும்போதெல்லாம் அதன் நீளம் மாறியே ஆக வேண்டும்.

இடப்பக்க வளைவில் தண்டு வெளிவட்டத்தில் இருக்கும். முன்போகி, பின்போகி இரண்டுமே நடுவிலிருந்து விலகி, தண்டுகள் நீளும். வலப்பக்க வளைவில் உள்வட்டம், தண்டுகள் சுருங்கும். சுருங்க இடம் இல்லாவிட்டால் தண்டின் நுனி குழாயின் அடியில் முட்டி, போகியைத் திரும்பவிடாமல் தள்ளும். உங்கள் முனகலும் தடம் புரள்வதும் அதுதான். நீளும்போது பிடிமானம் போதாமல் கழன்று விழுவது அதன் மறுபக்கம்.

எவ்வளவு இடம் வேண்டும்? போகிகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ., வளைவின் ஆரம் 380 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். போகி 6 டிகிரி திரும்பும். தண்டு நடுக்கோட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருந்தால் நீளம் 1.25 மி.மீ. கூடும் அல்லது குறையும். இரண்டு திசைக்கும் சேர்த்து 2.5 மி.மீ. இரு பக்கமும் அரை மி.மீ. கையிருப்பு வைத்து மூன்றரை மி.மீ. நழுவ இடம் கொடுங்கள். முழுக்க நீண்ட நிலையிலும் சதுரத் தண்டு குழாய்க்குள் குறைந்தது 2 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் பாதையின் மிக இறுக்கமான வளைவில் எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு நழுவுதண்டையும் குறடால் பிடித்து முன்பின் அசைத்துப் பாருங்கள். அரை மி.மீட்டராவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் சதுரத் தண்டின் நுனியை அரம் போட்டுக் குறைக்கவும். ஒரே நேரத்தில் கால் மி.மீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். அதிகம் எடுத்துவிட்டால் இடப்பக்க வளைவில் கழன்று விழும்.

ஷே மாடலில் கவைகளை ஒரே தளத்தில் வைத்தாலும் வளைவில் கோளாறு முழுதாக ரத்தாகாது. போகிப் பக்கத்து ஜாயிண்டின் கோணம் எப்போதும் கிராங்க் (சிலிண்டர்கள் சுழற்றும் தண்டு) பக்கத்து ஜாயிண்டைவிட அதிகம். போகி திரும்பிய கோணம் முழுவதும் அதில் கூடுதலாகச் சேர்கிறது. நல்லவேளையாக, இந்தக் கோணங்களில் எஞ்சுவது ஒரு சதவீதம் போல. அது சத்தம் தராது. ஆகவே ஷேயில் வளைவுச் சத்தம் கேட்டால் முதலில் நீளத்தைப் பாருங்கள், கவைகளைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: மோட்டார் டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் வண்டியில்), தண்டு வழியாக எஞ்சின் சக்கரங்களை ஓட்டும் வகை. வளைவில் 'டிக் டிக்' என்கிறது.

பதில்: தண்டு குட்டையாகி, குமிழ் ஜாயிண்டின் காதுகள் (பக்கவாட்டுப் பிதுக்கங்கள்) கப்பின் வெட்டிலிருந்து பாதி வெளியே வந்து தாவுகின்றன. எஞ்சினையும் டெண்டரையும் இணைக்கும் கம்பியில் இரண்டு துளை இருந்தால் நெருக்கமான துளைக்கு மாற்றுங்கள். ஒரே துளை என்றால் அரை மி.மீ. நீளமான தண்டு போடுங்கள். நேர்ப்பாதையில் எஞ்சினையும் டெண்டரையும் ஒன்றோடொன்று தள்ளிப்பிடித்த நிலையிலும் தண்டில் அரை மி.மீ. நீளவாட்டு ஆட்டம் மிஞ்ச வேண்டும். ஆட்டமே இல்லாமல் நீளமாகிவிட்டால் தண்டு மோட்டார் ஷாஃப்டை முட்டித் தள்ளும். அப்போது டிக் டிக் போய் கீச்சென்ற சத்தம் வரும்.

கேள்வி: பிளாஸ்டிக் கப்புகள் ஷாஃப்டில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. சும்மா ஓடும்போது சரி. பத்துப் பெட்டி மாட்டினால் மோட்டார் மட்டும் சுற்றுகிறது. சூப்பர் குளூ போட்டும் பயனில்லை. என்ன எண்ணெய் போடுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: கப்பின் கழுத்து வெடித்திருக்கிறது. மயிரிழை அளவு வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஷாஃப்டின் குறுக்கே தொடங்கிக் கப்பின் மேலும் தொடரும்படி மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சுமையோடு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெடிப்பதற்குக் காரணம் இறுக்கம். 2 மி.மீ. ஷாஃப்டுக்கு 1.95 மி.மீ. துளை சரி. 1.8 மி.மீ. துளையில் அடித்து ஏற்றினால் அன்றைக்கு நிற்கும், சில மாதத்தில் பிளக்கும். துளை சிறியதாக இருந்தால் ரீமரைக் கையால் திருப்பி அகலப்படுத்துங்கள். டிரில் மெஷினில் போட்டால் துளை மையம் மாறும். இந்தக் கப்புகள் பெரும்பாலும் அசிட்டால் பிளாஸ்டிக், அதாவது டெல்ரின். அதில் சூப்பர் குளூ ஒட்டாது. ஷாஃப்டின் முனையைக் குறடால் லேசாகக் கடித்துச் சொரசொரப்பாக்கி அழுத்தி ஏற்றுவதே நிலையான வழி. ஏற்றும்போது ஷாஃப்டின் மறுமுனையைக் கட்டாயம் தாங்கிப் பிடியுங்கள். வெறும் மோட்டார் உடலைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஆர்மேச்சர் உள்ளே நகர்ந்து மோட்டார் பாழாகும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, கப்பின் வெட்டுக்கு ஒன்று வைத்தால் போதும். மொழுமொழுவென்று கிரீஸ் வைத்தால் சுழற்சியில் தெறித்து மோட்டாரின் கம்யூட்டேட்டரில் படியும். பழைய ரப்பர் டியூப் வைத்திருப்பவர்கள் அதில் எண்ணெயே படவிடாதீர்கள். ரப்பர் ஊதி நழுவும், பிறகு கெட்டியாகி ஒரு பக்கம் வளைந்தபடி நின்றுவிடும்.

கேள்வி: டி.சி.சி. டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்) போட்ட பிறகுதான் சத்தம். அதற்கு முன் அமைதியாக இருந்தது. ஜாயிண்டைப் பார்க்க வேண்டுமா?

பதில்: முதலில் டிகோடரைக் கழித்துப் பாருங்கள். மோட்டார் கம்பிகளை டிகோடரிலிருந்து பிரித்து ஒரு 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாகத் தொடுங்கள். சுத்தமான நேர்மின்சாரத்தில் அமைதியாக ஓடினால் இயந்திரத்தில் குறையில்லை. டிகோடர் மோட்டாருக்குத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்புகிறது. துடிப்பு காதுக்கு எட்டும் அலைவரிசையில் இருந்தால் மெதுவான வேகத்தில் வண்டு போல் ரீங்கரிக்கும். டிகோடரின் கையேட்டில் உயர் அதிர்வெண் ஓட்டம் என்ற அமைப்பைத் தேடி அதற்கு மாற்றுங்கள்.

பேட்டரியில் ஓரளவு சத்தம், டிகோடரில் அதைவிட மோசம் என்றால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. டிகோடர் மோட்டாரின் எதிர்மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைச் சீராக்க முயலும். ஓட்டத்தில் ஏற்கெனவே ஏற்ற இறக்கம் இருந்தால் அது துரத்தித் துரத்தித் திருத்தும். இழுப்பு இன்னும் எடுப்பாகும். அந்த வசதியைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, மேலே சொன்ன கோணம், தளம், நீளம் மூன்றையும் சரிசெய்து, பிறகு மறுபடி இயக்குங்கள். இயந்திரக் கோளாறை டிகோடரின் அமைப்பு எண்களை மாற்றி மறைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: நிஜ நீராவியில் ஓடும் 45 மி.மீ. பாதை ஷே. ஏற்றத்தில் இனிமையாக ஓடுகிறது. இறக்கத்தில் தகர டப்பாவைப் போல் கடகடக்கிறது.

பதில்: ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது, எல்லா ஆட்டமும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளப் பார்க்கிறது; பிஸ்டன் ஒவ்வொரு முறை தடுக்கும்போதும் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறது. சிலுவையின் பின்கள், சதுர நழுவுதண்டு, கூம்புப் பல்சக்கரம் என்று ஒவ்வொன்றிலும் உள்ள சிறு ஆட்டம் கூடிக்கூடி வருகிறது.

கிராங்க் தண்டை ஒருவர் அசையாமல் பிடிக்க, போகியின் பிணியன் (சிறு பல்சக்கரம்) தண்டை நீங்கள் விரலால் முன்னும் பின்னும் திருப்புங்கள். எது முதலில் அசைகிறது, எது கடைசியில் என்று பார்த்தால் குற்றவாளி தெரியும். முதலில் கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத சிறு ஸ்க்ரூக்கள்): ஷாஃப்டில் தட்டையாக அரம் போட்ட இடத்தில்தான் ஸ்க்ரூ அமர வேண்டும். எண்ணெயைத் துடைத்து, குறைந்த வலுவுள்ள திரெட்லாக் ஒரு சொட்டு வையுங்கள். வலுவானதை வைத்தால் பிறகு கழற்ற முடியாது. அடுத்து சிலுவைப் பின்கள்: துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை. துளையை அடுத்த அளவுக்கு ரீம் செய்து, அதற்கேற்ற தடித்த பின் போட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஜாயிண்டுகளுக்குச் சாதாரண மெஷின் எண்ணெய் விடுங்கள். சிலிண்டருக்கு விடும் கெட்டியான ஸ்டீம் ஆயில் அந்த நுண்ணிய துளைகளுக்குள் இறங்காது.

கூம்புப் பல்சக்கரங்களை மட்டும் ஆட்டமே இல்லாதபடி இறுக்கிவிடாதீர்கள். மெல்லிய சிகரெட் தாள் ஒன்று பற்களுக்கு நடுவே கிழியாமல் போய்வரும் இடைவெளி வேண்டும். ஷேயில் பல்சக்கரங்கள் திறந்த வெளியில் ஓடுவதால் கொஞ்சம் இரைச்சல் மூலத்திலேயே உண்டு. மூன்று சிலிண்டர் ஷேயில் கிராங்க் ஒரு சுற்றுக்கு ஆறு முறை புகைபோக்கி ஒலிக்கும். கியர் வேறு இருப்பதால், நடந்து போகிற வேகத்தில் வரும்போதே பார்க்கிறவர்களுக்கு விரைவு வண்டி வருவது போல் கேட்கும். அந்த ஒலி இருக்கட்டும். இறக்கத்தில் மட்டும் ரெகுலேட்டரை முழுதாக மூடாமல் ஒரு மயிரிழை நீராவி விட்டுக்கொண்டே இறக்குங்கள். தண்டு எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டு நிற்பதால் மிச்சக் கடகடப்பில் பெரும்பகுதி போய்விடும்.